மேயரை யார் தேர்ந்தெடுப்பது: வாக்காளரா, கவுன்சிலர்களா?

2011 அக்டோபரில் சென்னையில் வாக்களித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சாவடிக்குள் போனால் இரண்டு வாக்குகள். ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, இன்னொன்று மேயருக்கு. 2022 பிப்ரவரி 19 அன்று அதே பள்ளிக்கூடத்தில், கிட்டத்தட்ட அதே வரிசையில் நின்றபோது எனக்கு ஒரே ஒரு வாக்குதான் இருந்தது. கவுன்சிலரை நான் தேர்ந்தெடுத்தேன். மேயரை மார்ச் 4 அன்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த மாதம் பதவியேற்ற மாமன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தல் எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதை அதற்கு முன் முடிவு செய்தாக வேண்டும். அரசியல் சட்டத்தின் 243ஆர் பிரிவு இந்த முடிவை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டிருக்கிறது. மக்களே வாக்களிக்கும் நேரடித் தேர்தலாகவும் வைக்கலாம், கவுன்சிலர்கள் வாக்களிக்கும் மறைமுகத் தேர்தலாகவும் வைக்கலாம், இரண்டுமே செல்லும். ஆகவே எது சட்டப்படி சரி என்று பேசிப் பயனில்லை. எது ஊருக்கு நல்லது என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு ஏட்டுச் சுரைக்காய் வேண்டாம். இந்த இரண்டு முறைகளிலும் வந்த மேயர்களின் கதையே நம்மிடம் கைநிறைய இருக்கிறது.

முதலில் இந்த முறை எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1996-ல் நேரடி. 2001-லும் நேரடி. 2006-ல் மறைமுகம். 2011-ல் மறுபடி நேரடி. 2016 ஜூனில் மேயர் பதவிக்கு மறைமுகம் என்று சட்டத்திருத்தம். 2018 ஜனவரியில் அது ரத்தாகி நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம், இந்த முறை நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களுக்கும் சேர்த்து. திமுக ஆட்சியிலும் மாறியது, அதிமுக ஆட்சியிலும் மாறியது. 2019-ல் மறைமுகத் தேர்தலை எதிர்த்துப் பேசிய திமுக, 2021-ல் ஆட்சிக்கு வந்தபின் அதே முறையில்தான் 2022 தேர்தலை நடத்தியது. எந்தக் கட்சியையும் இதில் தனியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஒரு கண், ஆளும்போது வேறு கண் என்பது இரண்டு பக்கமும் உண்டு.

இப்போது ஆட்களுக்கு வருவோம்.

மு.க.ஸ்டாலினின் மேயர் காலம்தான் நேரடித் தேர்தலுக்கு நம்மிடம் உள்ள மிக நல்ல சான்று. சென்னை மாநகராட்சி 1973-ல் மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் விவகாரத்தில் கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்தது. 1688-ல் தொடங்கிய ஒரு மாநகராட்சிக்கு இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று நினைத்துப் பாருங்கள். 1973-ல் பிறந்த குழந்தை படித்து முடித்து வேலைக்கே போயிருக்கும். நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து தந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது, சென்னை மக்கள் முதன்முறையாகத் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வென்றவர் ஸ்டாலின். அப்போது அவர் ஆயிரம் விளக்கு தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

‘சிங்காரச் சென்னை’ என்ற பெயரும், பீட்டர்ஸ் சாலை, ராதாகிருஷ்ணன் சாலை போன்ற இடங்களில் மாநகராட்சியே கட்டிய மேம்பாலங்களும் அந்தக் காலத்தவை. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டது அந்த மேம்பாலங்கள் தொடர்பான புகாரில்தான். ஸ்டாலின் பெயரும் அந்த வழக்கில் இருந்தது. குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 2001 அக்டோபரில் அந்தத் தீர்ப்பெல்லாம் யாருக்கும் தெரியாது. மேயராக இருந்தவர் மீது வழக்கு இருக்கிறது, மாநிலத்தில் எதிர்க்கட்சி பெரும் பலத்தோடு ஆட்சிக்கு வந்திருக்கிறது, இந்த நிலையில்தான் நகரம் வாக்களித்தது. ஸ்டாலின் மறுபடி வென்றார்.

அவரை உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பாருங்கள். ஒரு மேயர் ஐந்தாண்டு வேலை செய்தார். அந்த வேலை மீது புகார் எழுந்தது. அந்த வேலையைத் தினமும் கண்ணால் பார்த்த மக்கள், அந்தப் பாலங்களில் வண்டி ஓட்டியவர்கள், முழு நகரமாக உட்கார்ந்து ஒரு தீர்ப்பு சொன்னார்கள். மேயர் தேர்தலிலிருந்து நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அப்புறம் நடந்ததுதான் வருத்தம். 2002-ல் ஒருவர் இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிகளை வகிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் அதன் மீதான வழக்கும் ஓய்ந்தபோது ஸ்டாலின் மேயராக இல்லை. துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பு மேயராக 2006 வரை பணியைக் கவனித்தார். இரட்டைப் பதவி கூடாது என்ற கொள்கையை நானும் ஏற்கிறேன். மாநகராட்சி என்பது முழுநேர வேலை. ஆனால் அந்த விதியை அடுத்த தேர்தலிலிருந்து என்று வைத்திருக்கலாம். ஏற்கனவே மக்கள் வாக்களித்து முடித்தபின் விதியை மாற்றினால், அடிபடுவது ஒரு அரசியல்வாதி மட்டும் இல்லை, அந்த வாக்குகளும்தான்.

நேரடித் தேர்தலின் பலவீனமும் இந்த இடத்தில் தெரிகிறது. மேயர் ஒரு கட்சி, துணை மேயர் வேறு கட்சி. மேயர் மக்களிடமிருந்து வந்தவர், ஆனால் தீர்மானம் நிறைவேற மன்றத்தில் பெரும்பான்மை வேண்டும். 2019 அவசரச் சட்டத்துக்கு அரசு சொன்ன காரணமும் இதுதான்: மேயர் ஒரு கட்சியும் மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சியுமாக இருந்தால் நிர்வாகம் ஸ்தம்பிக்கிறது. இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. குப்பை ஒப்பந்தமும் மழைநீர் வடிகால் வேலையும் மன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தால் பாதிக்கப்படுவது நாம்தான்.

சரி, 2006-க்கு வருவோம். அந்த ஆண்டு கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயர் மா.சுப்பிரமணியன். ஐந்தாண்டும் பதவியில் இருந்தார். மறைமுகமாக வந்தவர் என்பதால் அவர் பொம்மையாக இருந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதிகாலையில் ஓடும் மேயர் என்று ஊருக்கே தெரியும் அளவுக்கு வெளியில் தெரிந்தவர். பிறகு 2016-ல் சைதாப்பேட்டை சட்டமன்ற உறுப்பினர், 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சர். மறைமுக முறையிலும் நல்ல உழைப்பாளி வர முடியும் என்பதற்கு அவரே சாட்சி. கட்சிக்குள் படிப்படியாக வளர்ந்த ஒருவரை, கூட இருப்பவர்கள் வேலையில் பார்த்த ஒருவரை, மன்றம் மேலே கொண்டுவர முடியும்.

ஆனால் அவர் கதையின் அடுத்த பகுதியைப் பாருங்கள். 2011-ல் சட்டம் நேரடித் தேர்தலுக்கு மாறியது. சுப்பிரமணியன் பதவியிலிருந்த மேயராகவே மக்கள் முன் நின்றார். எதிரில் அதிமுகவின் சைதை துரைசாமி. அதே 2011-ல் சில மாதங்கள் முன்பு கொளத்தூரில் ஸ்டாலினிடம் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றவர் அவர். அக்டோபரில் சென்னை முழுக்க பெரிய வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்தின் 10 மாநகராட்சிகளையும் அப்போது அதிமுகவே பிடித்தது. ஆக, சுப்பிரமணியனின் ஐந்தாண்டு வேலையை வைத்துத்தான் மக்கள் முடிவெடுத்தார்களா, அந்த ஆண்டின் அலையில் அவரும் போனாரா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். நேரடித் தேர்தலில் இந்தக் குறை உண்டு. மாநில அலை அடித்தால் உள்ளூர் வேலை மூழ்கிப்போகும். ஆனாலும் ஒரு கணக்கு கேட்கப்பட்டது, ஒரு பதில் சொல்லப்பட்டது.

துரைசாமிக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. 1984-லேயே சைதாப்பேட்டை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், குடிமைப் பணித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தரும் மனிதநேய மையத்தை நடத்தியவர் என்று ஊரில் அறிமுகமானவர் அவர். முதல் அம்மா உணவகங்கள் 2013 பிப்ரவரியில் தொடங்கியது அவருடைய காலத்தில், மாநகராட்சியின் மூலம்தான். 2015 டிசம்பர் வெள்ளமும் அவருடைய காலத்தில்தான். அந்த ஐந்தாண்டைப் பற்றி நகரத்துக்குச் சொல்ல நிறைய இருந்தது, நல்லதும் கெட்டதும். சைதாப்பேட்டையில், கோட்டூர்புரத்தில், முடிச்சூரில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற மக்களுக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. முடிச்சூர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே என்பது தெரியும், தண்ணீருக்கு அந்த எல்லை தெரியவில்லையே. 2016 ஜூனில் மறைமுகத் தேர்தல் என்று சட்டம் மாறியது. அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலையே சென்னை உயர் நீதிமன்றம் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் ரத்து செய்தது. மேயரின் காலம் முடிந்தது, தனி அலுவலர் வந்தார், 2022 மார்ச் வரை ஐந்தாண்டுக்கும் மேல் மன்றமே இல்லை. பின்னர் 2021 சட்டமன்றத் தேர்தலில் சைதாப்பேட்டையில் இந்த இரண்டு முன்னாள் மேயர்களும் மோதினார்கள். சுப்பிரமணியன் வென்றார். ஒரு நகரமே சொல்ல வேண்டிய தீர்ப்பை ஒரு தொகுதி சொல்லியது போல எனக்குத் தோன்றியது.

இப்போது 1996 முதல் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1996-ல் வந்த மேயரைப் பற்றி 2001-ல் நகரம் தீர்ப்பு சொன்னது. 2001-ல் வந்தவரை ஒரு சட்டமும் வழக்கும் வெளியே அனுப்பின. 2006-ல் வந்தவரைப் பற்றி, சட்டம் மாறிய காரணத்தால் மட்டுமே, 2011-ல் தீர்ப்பு சொல்ல முடிந்தது. 2011-ல் வந்தவரைப் பற்றிச் சொல்லவே முடியவில்லை. 2022-ல் வந்தவரைப் பற்றி, இப்போதைய முறை தொடர்ந்தால், சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகளில் சென்னை தன் மேயரைப் பற்றி நேருக்கு நேர் கருத்துச் சொன்னது இரண்டே தடவை. ஒரு தடவை வேண்டும் என்றது, ஒரு தடவை வேண்டாம் என்றது. நேரடியா மறைமுகமா என்ற கேள்வியில் என் மனதை ஒரு பக்கம் சாய்த்தது இந்தக் கணக்குதான்.

2022-ல் மேயரான பிரியாவின் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண். பதவியேற்றபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றவர் இல்லை. திரு.வி.க. நகர் பக்கம் 74-வது வார்டில் வென்று, போட்டியின்றி மேயரானார். வட சென்னையிலிருந்து ஒரு இளம் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்து நான் மனமார மகிழ்ந்தேன். ஆனால் அவர் ஐந்தாண்டு செய்த வேலை நன்றாக இருந்தால் அதைச் சொல்ல பெசன்ட் நகர்க்காரருக்கோ வளசரவாக்கத்துக்காரருக்கோ வழியில்லை. மோசமாக இருந்தாலும் வழியில்லை. 74-வது வார்டு வாக்காளர்களுக்கு மட்டும்தான் வழி. அந்த வார்டின் ஒதுக்கீடு மாறினால் அதுவும் உறுதியில்லை. இது மேயருக்கும் நியாயமில்லை. ஊர் முழுக்கச் சுற்றி வேலை செய்த ஒருவருக்கு ஊர் முழுக்க வாக்கு கேட்கும் உரிமை இருக்க வேண்டாமா?

மறைமுக முறையை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. பணமும் பெயரும் இல்லாத எளியவர் மேலே வர அது உதவும் என்பது. பழைய சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர்கள் ஆண்டுதோறும் மேயரைத் தேர்ந்தெடுத்த காலத்தில், 1930களிலேயே ஜே.சிவசண்முகம் பிள்ளை என்ற தலித் தலைவர் மேயரானார். பின்னாளில் சட்டமன்றத்தின் சபாநாயகரும் ஆனார். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க நேரடியாக வாக்கு கேட்டு அவர் வென்றிருப்பாரா? சந்தேகம்தான். 2022-ல் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக வந்த சரவணன், காங்கிரஸ்காரர், ஆட்டோ ஓட்டுநர். கூட்டணியில் அந்த ஒரு மாநகராட்சி காங்கிரசுக்கு ஒதுக்கப்பட்டது, அவருக்கு வாய்ப்பு வந்தது. கும்பகோணம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டிப் பிரசாரம் செய்யும் செலவை அவரால் தாங்கியிருக்க முடியுமா என்று கேட்டால், கட்சி தாங்கியிருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும்.

சென்னைக்கு அந்தச் செலவு இன்னும் பெரியது. 2011-ல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்து, வார்டுகள் 155-லிருந்து 200 ஆகின. திருவொற்றியூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒரே வேட்பாளர் வாக்கு கேட்க வேண்டும். ஒரு நாடாளுமன்றத் தொகுதியைவிடப் பெரிய களம். பெரிய கட்சியோ பெரிய பணமோ இல்லாமல் முடியாது.

ஆனாலும் எளியவருக்கு வழி மறைமுக முறை மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சத்தீஸ்கரில் மேயரை மக்களே தேர்ந்தெடுத்த காலத்தில், 2015 ஜனவரியில், ராய்கர் மாநகராட்சியில் மது கின்னர் என்ற திருநங்கை சுயேச்சையாக நின்று, ஆளும் பாஜக வேட்பாளரை 4,500-க்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்திருந்தால் எந்தக் கட்சியும் இல்லாத ஒருவரை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். மறைமுக முறை கட்சிக்குள் இருக்கும் எளியவருக்கு ஒரு கதவைத் திறக்கிறது. கட்சிக்கு வெளியே இருக்கும் எளியவருக்கு நேரடி முறைதான் கதவு.

பதவி நடுவில் காலியானால் என்ன ஆகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு நம்மிடம் அச்சு அசலான ஜோடி இருக்கிறது, அதே இரண்டு ஊர்களில்.

2014-ல் நேரடி முறை. கோவை மேயர் செ.ம.வேலுசாமி பதவி விலகினார். நெல்லை மேயர் விஜிலா சத்தியானந்த் மாநிலங்களவைக்குப் போனார். இரண்டு இடத்துக்கும் செப்டம்பரில் இடைத்தேர்தல். கோவையில் ஊர் முழுக்க மறுபடி வாக்குச்சாவடி, மறுபடி பிரசாரம். அதிமுகவின் கணபதி ப.ராஜ்குமார் வென்றார். திமுக அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. நெல்லையில் புவனேஸ்வரி போட்டியின்றியே மேயரானார். செலவு, அலைச்சல், அதற்குப் பிறகும் உண்மையான போட்டி பாதிதான்.

2024-ல் மறைமுக முறை. ஜூலையில் அதே கோவையிலும் நெல்லையிலும் மேயர்கள் பதவி விலகினார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் புதிய மேயர்கள் வந்துவிட்டார்கள். கோவையில் ரங்கநாயகி போட்டியின்றி. நெல்லையில் வாக்கெடுப்பு. திமுகவின் அதிகாரபூர்வ வேட்பாளர் ராமகிருஷ்ணனுக்கு 30 வாக்கு, போட்டியாக நின்றவருக்கு 23. வேகம் என்று பார்த்தால் மறைமுக முறைக்கு முழு மதிப்பெண். ஒரு மாதத்தில் வேலை முடிந்தது. ஆனால் ஏன் பழைய மேயர் போனார், ஏன் இவர் வந்தார், அந்த 23 பேர் எதை எதிர்த்தார்கள் என்பதற்கெல்லாம் விடை கட்சி அலுவலகத்துக்குள் இருந்தது. ஊருக்குத் தெரியவில்லை.

நெல்லையில் அதே ஆண்டு ஜனவரியில் மேயருக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வாக்கெடுப்பு நாளில் கவுன்சிலர்கள் வராததால் அது தோற்றது. காஞ்சிபுரத்திலும் ஜூலையில் அதே கதை. மேயர் மகாலட்சுமி மீதான தீர்மானம் அன்று, கூட்ட அரங்கில் கவுன்சிலர்கள் இல்லை. தீர்மானத்தைக் கொண்டுவரும் அளவுக்குக் கோபம் இருந்தவர்கள் வாக்களிக்க வரவில்லை என்றால் இடையில் யாரோ எங்கேயோ பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் வாக்காளருக்கு இடம் இல்லை.

சின்ன ஊர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலரும் நினைப்பது, சென்னை போன்ற பெரிய ஊருக்கு நேரடித் தேர்தல் சரி, சின்னப் பேரூராட்சிக்கு எதற்கு, கவுன்சிலர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும் என்பது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க அது தலைகீழ் என்று பட்டது. 200 பேர் கொண்ட மன்றத்தில், 2022 சென்னை போல ஒரே கட்சிக்கு 153 இடம் இருக்கும்போது, குதிரை பேரம் நடத்துவது லேசில்லை. 15 வார்டு உள்ள பேரூராட்சியில் எட்டுப் பேர் போதும். ஒருவரோ இருவரோ பக்கம் மாறினால் தலைவரே மாறிவிடுவார். 2022 மார்ச்சில் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் பல ஊர்களில் திமுக கவுன்சிலர்களே போட்டியிட்டு வென்றார்கள். கட்சித் தலைவரான முதலமைச்சர் அவர்களைப் பதவி விலகச் சொல்லி அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு பெரிய கட்சியின் தலைமையாலேயே கட்டுப்படுத்த முடியாதது வாக்காளரால் எப்படி முடியும்?

இதில் இன்னொரு முரண்பாடு. ஊருக்கு வெளியே ஒரு கிராம ஊராட்சியில் குடியிருப்பவர் தன் ஊராட்சித் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். 1996 முதல் அதில் யாரும் கை வைக்கவில்லை. அதே கிராமம் நாளை பக்கத்து நகராட்சியோடு இணைந்தால் அவருக்கு அந்த உரிமை போய்விடுகிறது. கிராமத்தில் இருந்தவரை தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு, நகராட்சி எல்லைக்குள் வந்ததும் தெரியாமல் போகுமா?

இரண்டு முறையிலும் ஒரே ஆளைப் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்குப் போக வேண்டும். சாருபாலா தொண்டைமான் 2001-ல் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) சார்பில் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர். 2006-ல், காங்கிரஸ்காரராக, கவுன்சிலர்களால் மறுபடி மேயர். 2009-ல் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார், தோற்றார். முதல் தடவை மக்களிடம் நேரில் பெற்ற பெயர்தான் இரண்டாவது தடவை கூட்டணிப் பேச்சில் அவருக்குக் கை கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். நேரடித் தேர்தல் ஒருவருக்கு முகவரி கொடுக்கிறது. அந்த முகவரி கட்சி கொடுத்ததாக இருந்தாலும், பிறகு அது அவருடையதாகிவிடுகிறது. கட்சிகள் நேரடித் தேர்தலை அவ்வப்போது தள்ளி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு மாநகர் முழுக்க வாக்கு வாங்கிய மேயர், மந்திரிக்கும் மாவட்டச் செயலாளருக்கும் சமமாக நிற்கத் தொடங்கிவிடுவார்.

எந்த முறையில் வந்தாலும் தமிழ்நாட்டு மேயரின் கையில் இருப்பது கொஞ்சம்தான். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. சென்னையில் குடிநீர் தனி வாரியம். கொல்கத்தாவில் 1980களிலிருந்து மேயர் தன் கவுன்சிலர்களிலிருந்து ஒரு சின்ன அமைச்சரவையையே அமைத்துக்கொள்கிறார், துறைகளைப் பிரித்துக் கொடுக்கிறார். அங்கே மேயரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள்தான். ஆனாலும் நம் நேரடி மேயர்களைவிட அவருக்குச் செயலில் வலு அதிகம். இதைச் சொல்லி, தேர்தல் முறை முக்கியமில்லை, அதிகாரம்தான் முக்கியம் என்று சிலர் முடிப்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மக்களிடம் நேராக வாக்கு வாங்கிய ஒருவர்தான் அந்த அதிகாரத்தை மாநில அரசிடம் கேட்டுச் சண்டை போட முடியும். கட்சித் தலைமை பெயர் சொல்லி உட்கார வைத்தவர், அதே தலைமை ஆளும் அரசிடம் போய் எதைக் கேட்பார்?

ஆகவே என் முடிவு நேரடித் தேர்தல். பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் தயக்கமே இல்லாமல். மாநகராட்சிக்கு, அதிலும் சென்னைக்கு, செலவையும் அலையையும் எண்ணிக் கொஞ்சம் தயங்கி, ஆனாலும் நேரடிதான்.

மேயரும் மன்றமும் முட்டிக்கொள்ளும் என்ற கவலைக்கு மத்தியப் பிரதேசத்தின் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அங்கே தலைவரை நீக்க வேண்டுமென்று கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுதிக் கொடுத்தால், அதை முடிவு செய்வது மன்றம் இல்லை. ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கும். தேர்ந்தெடுத்தவர்களே திரும்ப அழைக்கிறார்கள். நெல்லையிலும் காஞ்சிபுரத்திலும் இது இருந்திருந்தால், கவுன்சிலர்கள் வரவில்லை என்ற ஒன்றோடு விஷயம் முடிந்திருக்காது. பட்ஜெட் முடங்காமல் இருக்க இன்னொரு விதி வைக்கலாம். மேயர் வைக்கும் பட்ஜெட்டை மன்றம் திருத்தலாம், ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் ஒன்றை நிறைவேற்றியே ஆக வேண்டும், தவறினால் முந்தைய ஆண்டின் ஒதுக்கீடு தானாகத் தொடரும்.

இதையெல்லாம்விட முதலில் வேண்டியது ஒன்று. எந்த முறையாக இருந்தாலும், மன்றத்தின் காலம் முடிய ஓராண்டுக்குள் இருக்கும்போது அதை மாற்றக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அவசரச் சட்டம் மூலம் மாற்றவே கூடாது. 2016-லும் 2019-லும் நடந்தது போல, தேர்தல் வாசலில் நிற்கும்போது விதி மாறினால், வேட்பாளருக்கும் தயாராக நேரமில்லை, வாக்காளருக்கும் யோசிக்க நேரமில்லை. 2022-ல் சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பாதிக்கும் மேலானவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். என் தெருவில் வராதவர்களிடம் கேட்டபோது இரண்டு மூன்று பேர் சொன்னது ஒன்றுதான்: “மேயர் யாருன்னு நாமளா முடிவு பண்றோம்?”

2027-ல் அவர்களையும் கூட்டிக்கொண்டு சாவடிக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டாவது வாக்கு இருந்தால் கூப்பிட எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்.